இடப்பக்க அளவு

அந்தக் காரின் இடப்பக்கத்தை நான் அளக்கவில்லை. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. சொன்ன நாளில் ஒரு மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது யாழ்ப்பாணம், பிழைத்தது கண்டி. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். வீதியோ மதகோ பாலமோ, கொந்தராத்துக்காரர் எதைக் கட்டினாலும் அளவுப் புத்தகம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அளக்காமல் அளவு எழுதுகிறவர்களை எனக்கு வாசத்திலேயே தெரியும். ஒரே எண்ணைத் திரும்ப எழுதினால் அகப்பட்டுவிடுவோம் என்று ஓரிடத்தில் இரண்டு மில்லிமீற்றர் கூட்டுவார்கள், இன்னோரிடத்தில் மூன்று குறைப்பார்கள். அந்தக் கள்ளத்தையும் பிடிப்பேன். பிடித்தால் சும்மா விடமாட்டேன், புத்தகம் கதவு வரைக்கும் பறக்கும். மிஸ்ஸுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பியோன் முதல் பொறியியலாளர் வரை சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வந்தவர் ஹாஜியார். கண்டி நகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். எழுபதைத் தொட்ட வயது, வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. சின்ன வயதில் கண்டி வாவிக் கரையில் ஒரு தோட்டத்துரை ஓட்டிப்போனதை அவர் பார்த்த இங்கிலாந்துக் கார் அது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரையில்லாத, நிலத்தோடு நிலமாகப் போகும் பந்தயக் கார். கையால் தட்டிச் செய்தவை என்பதால் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றை வாங்குவதென்றால் துணிக்கடையோடு அந்தத் தெருவையும் சேர்த்து விற்க வேண்டும். ஆகவே அச்சு அசலாக ஒன்றை இங்கேயே கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கட்டப்போகிறவர் கலஹா வீதியில் கராஜ் வைத்திருந்த டிங்கர் பாஸ். தகட்டு வேலைக்காரரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். கலஹாவில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டிக் கழற்றப் பழகி, பிறகு பழைய கார்களுக்கு உடம்பு கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டவர். கொழும்பிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். தட்டையான அலுமினியத் தகட்டை மணல் மூட்டையில் போட்டு மரச்சுத்தியலால் தட்டத் தொடங்கினால் மத்தியானத்துக்குள் அது சக்கரத்தை மூடும் ஒரு மட்காட் ஆகிவிடும். ஆனால் எதைப் பார்த்துத் தட்டுவது? புகைப்படம் போதாது, அளவு வேண்டும்.

"மிஸ், நீங்க மகன்ட வீட்டுக்கு லண்டன் போறீங்களாம் எண்டு கேள்விப்பட்டேன்" என்றார் ஹாஜியார். "அங்க ஒரு வெள்ளைக்காரன்ட ஷெட்ல அந்தக் கார் ஈக்கி. ஒருக்கா அளந்துக்கிட்டு வந்து தாங்களேன். உங்கட அளவு எண்டா நான் கண்ண மூடிக்கிட்டு நம்புவேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன்.

மகன் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருந்தது அந்த ஷெட். காரின் சொந்தக்காரர் இரண்டு நாள் அனுமதி தந்திருந்தார். தூக்குக்குண்டு, நூல், இரும்பு நாடா, பழுப்புக் காகிதம் எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் முழுவதும் வலப்பக்கத்தை அங்குலம் அங்குலமாக அளந்தேன். அந்த அளவில் இன்றைக்கும் யாரும் பிழை பிடிக்க முடியாது.

இரண்டாம் நாள் மழை. குளிர் சீமெந்துத் தரை வழியாக முழங்காலுக்குள் ஏறியது. அரை நாள் லீவு போட்டிருந்த மகன் வெளியே காருக்குள் இருந்தபடி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தான். ஆசனம், ஸ்டியரிங், உட்பக்கம் எல்லாவற்றையும் முடித்து இடப்பக்கத்துக்கு வந்தபோது என்னால் குனிய முடியவில்லை. படவரைஞர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நடுக்கோடு போட்டு ஒரு பாதியைக் கீறிவிட்டால் மறுபாதியைக் கவிழ்த்து எடுத்துவிடலாம். மதகுக்கு அப்படிச் செய்யலாம், பாலத்துக்கும் செய்யலாம். கையால் தட்டிய காருக்குச் செய்யக்கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் நாடாவைச் சுருட்டினேன்.

அன்று பின்னேரம் மகனின் சாப்பாட்டு மேசையில் இருந்து இடப்பக்கக் கட்டங்களை நிரப்பினேன். வலப்பக்க எண்களையே எழுதினேன். ஓரிடத்தில் இரண்டு மில்லிமீற்றர் கூட்டினேன், இன்னோரிடத்தில் மூன்று குறைத்தேன். அடியில் 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன்.  அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

கண்டிக்குத் திரும்பியதும் முழு அளவில் படம் கீறிக் கொடுத்தேன். பாஸ் அதைச் சுவரில் ஒட்டிவைத்து, முதலில் மரத்தால் ஒரு சட்டகம் செய்து, அதன்மேல் தகட்டைப் பொருத்திப் பொருத்தித் தட்டினார். அடிச்சட்டத்துக்கு மட்டும் என் படம் தேவைப்படவில்லை. பழைய தொழிற்சாலை வரைபடத்தின் பிரதி ஒன்று ஹாஜியாரிடம் இருந்தது, அதன்படியே பற்றவைத்தார்கள். அது என் தாள் அல்லவே என்று, எனக்குத் தந்திருந்த பிரதியை நான் விரித்தும் பார்க்கவில்லை.

முன் சில்லுகளைப் பூட்டிய அன்று பாஸ் என்னைக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"மிஸ், கொஞ்சம் வந்து பாருங்களேன். இடது பக்கத்து வீலு ஒரு விரல் வெளிய தள்ளி நிக்கிற மாதிரி இருக்குங்க. மட்காட்ட கொஞ்சம் வெளிய இழுத்துப் போடவா?"

எனக்குச் சுரீரென்றது. பயத்தில்தான் அப்படி இருந்தது. ஆனால் என் வாயில் பயம் எப்போதும் கோபமாகத்தான் வரும்.

"பாஸ், நீங்கள் லொறிக்கு உடம்பு கட்டேல்லை. தாளில என்ன இருக்கோ அதை அடியுங்கோ."

"சரிங்க மிஸ்" என்று போய்விட்டார்.

இரண்டு கிழமை கழித்து மறுபடியும் கூப்பிட்டார். டயருக்கும் தகட்டுக்கும் இடையில் விரலை நுழைத்துக் காட்டினார். "அந்தப் பக்கம் ரெண்டு விரல் போகுதுங்க. இந்தப் பக்கம் ஒத்த விரல் போகமாட்டேங்குது." கராஜில் வேலை செய்த மற்றவர்களும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு மட்காட் மட்டும்தான் நட்டம். நான் என்ன செய்தேன்? எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

"நான் அளந்து கையெழுத்து வைச்சுத் தந்தனான். ஆர் பிழை விட்டது, நானோ நீங்களோ? பத்தவைக்கேக்க உங்கட சட்டம் இழுத்திருக்கும். போய் அதைப் பாருங்கோ!"

பாஸ் முகம் சிறுத்துப்போனது. அந்தக் கிழமை முழுக்க அவர் அடிச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்துப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு பிழையும் கிடைக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது முறை என்னைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிடாததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கராஜுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். காருக்குக் கரும்பச்சை நிறம் அடித்தாயிற்று என்று ஹாஜியார் போன் எடுத்துச் சந்தோஷப்பட்டபோது, நல்லது என்று மட்டும் சொன்னேன்.

முதன்முதலாக வீதியில் ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்திருந்தார்கள். கராஜிலிருந்து மேலே கலஹா வரை ஏறி, அங்கே திருப்பி, இறங்கி வருவது. பத்து மணிக்குப் புறப்பாடு. எனக்கு முழங்கால் வலி, வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் பேராதனையில் என் வீட்டிலேயே இருந்தேன்.

ஒன்பதரைக்கு மகனிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. அசல் காரின் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கடையில் மாட்ட ஹாஜியார் ஆசைப்பட்டார். அதற்காக அந்த வெள்ளைக்காரரிடம் கேட்டு வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தேன். நேர் முன்னால் நின்று எடுத்த படம். அதைத் திறந்ததுமே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இடப்பக்க மட்காட் வலதைவிட நன்றாக வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. படம் வரைந்து பிழைத்த கண்ணுக்கு அளவுகோல் தேவையில்லை. ஆனாலும் நம்பாமல், அலுமாரியில் கிடந்த அடிச்சட்ட வரைபடப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். பாஸ் சொன்னது அங்கே அச்சில் இருந்தது. இடது முன் சில்லு ஒரு விரல் வெளியே தள்ளி. அதற்கு இடம் விடத்தான் அந்தப் பக்கத்துத் தகட்டை அவ்வளவு வெளியே இழுத்திருக்கிறார்கள்.

நேரே போகும்வரை ஒன்றும் ஆகாது. மேட்டில் ஏறும்போதும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும். தாழ்ந்திருக்கும்போது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தால் இடது டயர் மட்காட்டின் உள் ஓரத்தில் உரசும். அலுமினியத் தகட்டின் ஓரம் கத்தி மாதிரி. கலஹா வீதியில் எத்தனை வளைவு என்று எனக்குத் தெரியும், அந்த வீதியின் படமும் ஒரு காலத்தில் என் மேசைக்கு வந்ததுதான்.

பாஸுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஹாஜியாருக்கு அடித்தேன். எடுத்தார்.

"இப்பதான் மிஸ் வெளிக்கிட்டது! மழ இருட்டுது எண்டு நேரத்தோடயே எடுத்துட்டார். அந்தச் சத்தத்த நீங்க கேட்டிருக்கணும்."

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அப்போதும் நான் சொல்லவில்லை. "டயருக்குக் காத்து சரியா எண்டு ஒருக்கா நிப்பாட்டிப் பாக்கச் சொல்லுங்கோ" என்றேன். ஹாஜியார் சிரித்தார். எல்லாம் பார்த்துத்தான் எடுத்தவர், நீங்கள் பயப்படாதீர்கள் மிஸ் என்று போனை வைத்தார். ஒரு உயிர் வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு என் கையெழுத்துத்தான் பெரிதாகத் தெரிந்தது. சீ என்று என்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு வீதிக்கு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியாது. சந்தியில் நின்ற முச்சக்கர வண்டியில் ஏறி, கலஹாப் பக்கம் விடச் சொன்னேன். ஓட்டியவர் நிதானமான சிங்கள மனிதர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விரட்டினார். வழியெல்லாம் பாஸின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். சில இடங்களில் மணி போனது, சில இடங்களில் இணைப்பே இல்லை. ஹாஜியாரிடம் இந்த முறை சொல்லியே விடுவது என்று அடித்தபோது அவருடைய இலக்கம் வேறொருவரோடு பேச்சில் இருந்தது. மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வெளிச்சத்தையும் அந்தக் கார் என்று நினைத்தேன். பால் வண்டி, வான் வண்டி, மறுபடியும் வான். இறங்கி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டபோது, கடவுளே பத்து நிமிடம் பிந்தட்டும், அவர் கலஹாவில் தேத்தண்ணி குடிக்கட்டும் என்று வேண்டினேன். அவர் தேத்தண்ணி குடிப்பவரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் பழகியும் அதைக்கூட நான் கேட்டதில்லை.

கராஜைத் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் முன்னால் வாகனங்கள் நின்றன. ஆட்கள் இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்துவதற்கு முன்பே காலை வெளியே வைத்துவிட்டேன்.

கரும்பச்சைக் கார் மலைப்பக்கத்து வடிகானுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இடது மட்காட் கசங்கிய காகிதம் மாதிரி உள்ளே போயிருந்தது. டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. அந்த வளைவில் இடப்பக்கம் மலை. அதற்குக் கீழே அடுத்த வளைவில் இடப்பக்கம் பள்ளம், அடியில் கல்லும் ஓடையும். டயர் இன்னும் நூறு மீற்றர் தாங்கியிருந்தால் என்று நினைத்தேன், மேலே நினைக்க முடியவில்லை.

பாஸ் மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் இரத்தம். வலது கையை யாரோ துவாயால் சுற்றியிருந்தார்கள், மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"வாங்க மிஸ்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் யாரோ தகவல் சொல்லி ஹாஜியாரும் தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். கார்ப் பக்கம் திரும்பாமல் நேரே பாஸிடம் போனார்.

"ஏந் தப்புதாங்க ஹாஜியார்" என்றார் பாஸ், யாரும் கேட்பதற்கு முன்பே. "வளைவுல கொஞ்சம் வேகமா வந்துட்டேன்."

"கார் கெடந்துட்டுப் போகட்டும். உசிரு தப்பினதே, அல்ஹம்துலில்லாஹ்" என்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார் ஹாஜியார்.

நான் வாயைத் திறக்கவில்லை.  அந்த வான் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திறந்தேன், இரண்டு தடவையும் வெறும் காற்றுத்தான் வந்தது. பின்னால் பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருடைய மூச்சு அறுபட்டது எனக்குக் கேட்டது.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி வைக்க வேண்டும், பழைய பலம் வருமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். சுத்தியல் பிடிக்கிற கை அது. பாஸை உள்ளே வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நானும் ஹாஜியாரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

"நானும் ஏறத்தான் போனேன் மிஸ்" என்றார் ஹாஜியார் மெதுவாக. "ஆசைல ஒரு கால உள்ளுக்கு வெச்சுட்டேன். பாஸ் கதவப் புடிச்சிக்கிட்டு ஏற உடல்ல. மொத ஓட்டம் நான் தனியப் போறேன் எண்டு ஒரே புடிவாதம். என்னத்துக்கு எண்டு கேட்டா சொல்லவும் இல்ல."

வலப்பக்கத்தில் ஸ்டியரிங் உள்ள கார் அது. ஹாஜியார் ஏறியிருந்தால் இடப்பக்கத்தில் இருந்திருப்பார். அவர் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழும்பிப் போனதும் நான் உள்ளே போனேன். பாஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"ஏன் பாஸ் ஹாஜியாரை ஏத்தேல்லை?"

 குற்றத்தை ஒத்துக்கொள்கிறவர் போலச் சொன்னார்.

"ரெண்டு தடவ உங்ககிட்ட சொன்னேங்க. நீங்க அளந்து கையெழுத்துப் போட்டது தப்பாவா இருக்கும்? ஏங் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சு நாவலப்பிட்டியில போயி கண்ணு காட்டிட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்குன்னாங்க. அப்பவும் மனசு ஒரு பக்கமும் நிக்கலங்க. தாளு சரின்னா ஒண்ணும் ஆகாது. ஏங் கண்ணு சரின்னா இடது பக்கம்தானுங்களே அடிபடும். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேணாம்னுதான்."

திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு ஹாஜியார் கையில் இரண்டு கோப்பையோடு வந்து நின்றார். இனியும் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"இடப்பக்கத்தை நான் அளக்கேல்லை பாஸ்" என்றேன். "வலப்பக்கத்து அளவைத்தான் இடப்பக்கத்துக்கும் எழுதினனான். நீங்கள் சொன்னதுதான் சரி. இண்டைக்குக் காலமைதான் கண்டன். கண்ட பிறகும் போனில ஹாஜியாரிட்டைச் சொல்லேல்லை."

ஹாஜியார் கோப்பைகளைச் சிந்தாமல் மேசையில் வைத்தார். பாஸ் என்னையே பார்த்தார். 

"அளக்கவே இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப அந்தப் பக்கத்துத் தாளுல ஒரு எடத்துல மூணு மில்லிமீட்டர் கொறைச்சுப் போட்டிருந்தீங்களே?"

"அது உண்மை எண்டு நம்பவேணும் எண்டு நான் சும்மா எழுதினது."

 பாஸ் கட்டுப்போட்ட கையை இடது கையால் மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த மூணு மில்லிமீட்டருக்கு நாலு நாளு தட்டினேனுங்களே மிஸ்" என்றார். "வரவே மாட்டேன்னுச்சு. கழட்டிக் கழட்டித் தட்டினேன்."

 மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"கொஞ்சம் வெளிய இருங்க மிஸ்" என்றார்.

ஹாஜியார் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். நான் வெளியே வந்து வாங்கில் இருந்தேன்.